டல்சாவின் வெள்ளைப் புள்ளி: 1953ஆம் ஆண்டு நிலவுப் படம் ஒன்றின் ஆய்வு

1953 நவம்பர் 15. உலகப் பொது நேரப்படி அதிகாலை 2 மணி. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் அப்போது முந்தைய நாள் இரவு 8 மணிதான். அரை நிலவைச் சற்றே தாண்டிய வளர்பிறை. நம் கணக்கில் அஷ்டமி, நவமி வாக்கு. டாக்டர் லியோன் ஸ்டூவர்ட் என்ற அமெச்சூர் வானியலாளர் தன் தொலைநோக்கி வழியே நிலவைப் படமெடுத்தார். அந்தப் படத்தில் நிலவு முகத்தின் ஏறக்குறைய நடுவில், ஒளியும் நிழலும் சந்திக்கும் எல்லைக்கு அருகே, பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தது. பலாஸ் என்ற கிண்ணக்குழிக்கு அண்டைப் பகுதி அது. அந்த இடத்தில் அப்படி ஒளிரக்கூடிய மலையோ குழியோ எந்த நிலவு வரைபடத்திலும் இல்லை.

ஸ்டூவர்ட் தயங்காமல் ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு சிறுகோள் நிலவில் மோதியிருக்கிறது. மோதிய வேகத்தில் பாறை ஆவியாகி எழுந்த தீக்கோளம்தான் படத்தில் பதிந்திருக்கிறது. 1956இல் நிலவு, கோள் நோக்கர்களின் சங்க இதழான ‘தி ஸ்ட்ரோலிங் அஸ்ட்ரானமர்’ அவருடைய குறிப்பையும் படத்தையும் வெளியிட்டது. தொழில்முறை வானியலாளர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூமியின் காற்று மண்டலத்தில் எரிந்த ஏதோ ஒரு விண்கல் தற்செயலாக நிலவுக்கு நேரே வந்திருக்கும் என்பது அவர்கள் எண்ணம். ‘ஸ்டூவர்ட் நிகழ்வு’ என்ற பெயர் மட்டும் நிலைத்தது. ஒரு பக்கம் “மனிதன் கண்ணால் கண்ட ஒரே சிறுகோள் மோதல்”, மறுபக்கம் “வெறும் தற்செயல்” என்று ஐம்பது ஆண்டுகள் இந்தப் படம் இரண்டு கட்சிகளுக்கு நடுவே கிடந்தது.

நிலவைப் படமெடுப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு இது என்பது என் உறுதியான எண்ணம். இன்று கைப்பேசியிலும் சிறு தொலைநோக்கியிலும் ஆயிரக்கணக்கானோர் நிலவை எடுக்கிறார்கள். புரியாத புள்ளிகளும் கோடுகளும் அவர்கள் படங்களில் அன்றாடம் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு புள்ளியை எப்படி விசாரிப்பது, எங்கே சறுக்க நேரும், எந்த ஆதாரம் கடைசியில் பேசும் என்பதையெல்லாம் இந்த ஒரே படம் காட்டிவிடுகிறது.

புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

புதிரான எதையும் பெயரிடுவதற்கு முன் நான் முதலில் கேட்பது தூரத்தை. நிலவுப் படத்தில் தெரிகிற எல்லாமே நிலவில் இருந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. பிலிமை ஒட்டிய தூசியும் 3,84,400 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மலையும் ஒரே தளத்தில், ஒரே அளவில் வந்து விழும். ஆகவே கேமராவில் தொடங்கிப் படிப்படியாக வெளியே போக வேண்டும்.

முதல் இடம் பிலிம். படமெடுக்கும்போது பிலிம்மேல் தூசி இருந்தால் அந்த இடத்தில் ஒளி படாது. நெகட்டிவில் அது தெளிவாகவும், அச்சிட்ட படத்தில் கறுப்பாகவும் வரும். வெள்ளைப் புள்ளி வர வேண்டுமானால் ஒன்று அச்சிடும்போது நெகட்டிவ்மேல் தூசி இருந்திருக்க வேண்டும். அல்லது நெகட்டிவிலேயே வேதிக் கறை, கரையாத டெவலப்பர் துகள், அழுத்தத் தழும்பு போன்ற ஏதாவது கறுப்பாகப் பதிந்திருக்க வேண்டும். இதைப் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. காற்று வழியே, கண்ணாடி வழியே வந்த ஒளிக்கு எப்போதும் ஒரு மழுங்கல் இருக்கும். அதே படத்தில் மிகச் சிறிய குழிகளின் விளிம்பு எந்த அளவுக்கு மங்கியிருக்கிறதோ, அந்த அளவாவது புள்ளியின் விளிம்பும் மங்கியிருக்க வேண்டும். படத்தில் உள்ள எதையும்விடக் கூர்மையான விளிம்போடு ஒரு புள்ளி இருந்தால் அது வானத்திலிருந்து வந்ததாக இருக்க முடியாது. டிஜிட்டல் கேமராவிலும் இதே சோதனைதான். ஒரே ஒரு பிக்சல் மட்டும் கண்ணைப் பறிக்கும்படி ஒளிர்ந்து, அண்டைப் பிக்சல்கள் சாதுவாக இருந்தால், அது கெட்டுப்போன பிக்சல் அல்லது சென்சாரைத் தாக்கிய காஸ்மிக் கதிர்.

ஸ்டூவர்ட் படத்தில் பிலிம் கோளாறு என்ற சந்தேகத்துக்கு எதிராக ஒரு சாட்சியம் இருக்கிறது. அந்த ஒளி சில நொடிகள் நீடித்தது என்று அவரே குறிப்பிட்டார். கண்ணால் பார்த்ததும் படத்தில் விழுந்ததும் ஒன்றுதான் என்றால் பிலிமின் எமல்ஷன் பூச்சில் வந்த கறை என்ற வாதம் அடிபட்டுப்போகும். ஆனால் கண்சாட்சி ஒருவர்தான், படமெடுத்தவரும் அவரேதான். இந்த வழக்கின் ஆதாரப் பலவீனம் இதில் இருக்கிறது.

அடுத்த இடம் தொலைநோக்கியின் குழாய். நிலவின் ஒளி லென்ஸ்களுக்கு இடையே எதிரொளித்து விழும் ‘பேய்ப் பிம்பம்’ அனுபவமுள்ளவர்களையும் ஏமாற்றும். நிலவைச் சட்டகத்துக்குள் சற்று நகர்த்தி இன்னொரு படம் எடுத்தால் பேய்ப் பிம்பம் எதிர்ப்பக்கம் நகரும். நிலவில் உள்ள பொருள் நிலவோடு சேர்ந்தே நகரும். கைவசம் இரண்டு படங்கள் இருந்தால் ஒரு நிமிடத்தில் முடிகிற விஷயம். ஸ்டூவர்ட் நிகழ்விலோ, புள்ளியோடு கூடிய படம் ஒன்றே ஒன்றுதான்.

அதைத் தாண்டினால் காற்று மண்டலம். பறவையும் விமானமும் ஒளிரும் நிலவின் முன் பெரும்பாலும் கரிய நிழலாகத்தான் தெரியும். இன்றைய படங்களில் அதிகம் வருபவை செயற்கைக்கோள்கள். சர்வதேச விண்வெளி நிலையம் நிலவு முகத்தைக் கடக்க ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் 1953 வழக்கில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை: முதல் ஸ்புட்னிக் ஏவப்பட்டது 1957 அக்டோபர் 4ஆம் தேதி. அந்த இரவில் பூமிக்கும் நிலவுக்கும் இடையே மனிதன் அனுப்பிய பொருள் எதுவும் சுற்றிக்கொண்டிருக்கவில்லை. புள்ளி ஆய்வு செய்பவர்களுக்கு இப்படி ஒரு வசதியான காலம் இனி வரப்போவதில்லை.

விண்கல் என்ற விளக்கத்தைப் பார்ப்போம். சாதாரண எரிகல் கோடாகத் தெரியும். நம்மை நோக்கி நேரே வரும் எரிகல் மட்டும் நகராமல், ஒரே இடத்தில் தோன்றி மறையும் புள்ளியாகத் தெரியும். வானத்தின் மேற்பாதி முழுவதிலும் நிலவு அடைத்துக்கொள்ளும் இடம் ஏறக்குறைய ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. அந்தச் சிறு வட்டத்துக்குள், அதுவும் நேரே நம்மை நோக்கி, அதுவும் ஷட்டர் திறந்திருக்கும் வேளையில் ஒன்று வர வேண்டும். தவிர, ஒளிரும் நிலவுப் பரப்பின் பின்னணியிலேயே எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் அது மிகப் பிரகாசமான தீப்பந்தாக இருந்தாக வேண்டும். சில நொடிகள் நீடித்தது என்பதும் இதோடு ஒத்துப்போகவில்லை. பெரும்பாலான எரிகற்கள் ஒரு நொடியைத் தாண்டுவதில்லை. ஆக, “விண்கல்தான்” என்று தள்ளிவிட்ட தொழில்முறை வானியலாளர்களின் விளக்கமும் அவர்கள் நினைத்த அளவுக்கு மலிவானதல்ல. ஆனாலும் உலகெங்கும் எத்தனையோ பேர் எத்தனையோ இரவுகள் நிலவைப் படமெடுத்திருக்கிறார்கள். அரிதான தற்செயல் யாராவது ஒருவருக்கு நேர்ந்தே தீரும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கடைசியாக நிலவு. அங்கேயும் மோதலுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி உண்டு: அது வெறும் வெயிலா? ஒளி-நிழல் எல்லையை ஒட்டி, கீழே இன்னும் இருட்டாக இருக்கும்போதே, உயர்ந்த சிகரங்களில் சூரிய ஒளி படும். சுற்றிலும் இருளில் தனித்து நிற்கும் நட்சத்திரம்போல அவை தெரியும். இந்த ஒளி-நிழல் விளையாட்டு எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு அதே 1953இல் நடந்த இன்னொரு நிகழ்ச்சி சான்று. ஜூலை 29ஆம் தேதி, நியூயார்க் ஹெரால்டு டிரிபியூன் நாளிதழின் அறிவியல் ஆசிரியர் ஜான் ஓ’நீல், மாரே கிரிசியம் என்ற நிலவுச் சமவெளியின் விளிம்பில் பிரம்மாண்டமான பாலம் ஒன்றைக் கண்டதாக அறிவித்தார். அன்றைய பெயர்பெற்ற நிலவு நோக்கர் ஹெச்.பி. வில்கின்ஸும் தானும் அதைக் கண்டதாகச் சொன்னார். இரண்டு மலைமுனைகளின் நிழல்கள் குறிப்பிட்ட கோணத்து வெயிலில் ஒன்றுசேர்ந்து காட்டிய தோற்றம் அது. பாலம் எதுவும் அங்கே இல்லை. இத்தகைய தோற்றங்களைக் கண்டுபிடிக்கக் காத்திருப்பதே வழி. ஒரு பிறைச் சுற்று 29.5 நாள் என்பதால், இரண்டு சுற்று கழித்து, அதாவது 59 நாள் கழித்து, ஏறக்குறைய அதே மணிக்கு அதே வெயில் திரும்ப வரும். அப்போதும் புள்ளி தெரிந்தால் அது மலை. ஸ்டூவர்ட்டின் புள்ளி இருந்த இடத்தில் பின்னாளில் யாரும் அப்படி ஒரு சிகரத்தைக் காணவில்லை. ஆகவே மோதல் என்ற வாதம் உயிரோடு இருந்தது.

கிளமென்டைன் தந்த விடை

நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தைச் சேர்ந்த போனி புராட்டியும் பொமோனா கல்லூரியின் லேன் ஜான்சனும் இந்த வழக்கை மீண்டும் எடுத்தார்கள். அவர்களுடைய அணுகுமுறையில் அழகு இருக்கிறது. பிற்பாடு என்ன நேர்ந்தது என்பதற்காக அதை மறைக்கக் கூடாது. படத்தில் உள்ள புள்ளியின் பிரகாசத்தைக் கொண்டு மோதலின் ஆற்றலைக் கணித்தார்கள். விடை சுமார் 0.5 மெகாடன், அதாவது ஐந்து லட்சம் டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். ஹிரோஷிமா குண்டைப்போல முப்பது மடங்குக்கும் மேல். அதிலிருந்து மோதிய பொருளின் அளவு சுமார் 20 மீட்டர் என்றும், அது தோண்டிய குழி ஒன்று முதல் இரண்டு கிலோமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்றும் வந்தார்கள். புள்ளி விழுந்த இடத்தைச் சுற்றி 35 கிலோமீட்டர் அகலப் பரப்பைத் தேடுகளமாக வைத்தார்கள்.

1967ஆம் ஆண்டின் லூனார் ஆர்பிட்டர் படங்களில் முதலில் தேடினார்கள்; பொருத்தமாக எதுவும் கிடைக்கவில்லை. பிறகு 1994இல் நிலவைச் சுற்றிவந்த கிளமென்டைன் விண்கலத்தின் படங்களை எடுத்தார்கள். கிளமென்டைனின் சிறப்பு, ஒரே இடத்தைப் பல அலைநீளங்களில் படம்பிடித்தது. நிலவின் மண்ணுக்கு வயதாகும் விதம் தனி. சூரியக் காற்றின் துகள்களும் மணலினும் நுண்ணிய விண்கற்களும் ஓயாமல் தாக்குவதால் மேல்மண்ணில் நுண்ணிய இரும்புப் படலம் படிந்து, மண் கறுத்துச் சிவக்கும். புதிதாகத் தோண்டப்பட்ட மண் அதோடு ஒப்பிட வெளிர்ந்தும் நீலம் பாரித்தும் தெரியும். 35 கிலோமீட்டர் பரப்புக்குள் அப்படி ஒன்று கிடைத்தது. 1.5 கிலோமீட்டர் அகலக் குழி. சுற்றிலும் வெளிர்நீலமான, பழுதுபடாத மண் சிதறல். அளவு சரி, நிறம் சரி, இடம் சரி.

2003ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ‘இகாரஸ்’ ஆய்விதழில் கட்டுரை வந்தது. ஐம்பது ஆண்டுப் புதிர் அவிழ்ந்தது என்று செய்தித்தாள்கள் எழுதின. ஓர் அமெச்சூரின் பெயர் அரை நூற்றாண்டு கழித்துக் காப்பாற்றப்பட்டதாக வாசகர்கள் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி நியாயமானதே.

1919ஆம் ஆண்டுத் தகடு

அதே 2003இலேயே அந்த விடை உடைந்தது. உடைத்தது புதிய விண்கலமோ புதிய கணக்கோ அல்ல, ஒரு பழைய கண்ணாடிப் புகைப்படத் தகடு. கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் 100 அங்குல ஹூக்கர் தொலைநோக்கி 1917இல் இயங்கத் தொடங்கியது. அன்று உலகிலேயே பெரியது அதுதான். 1919இல் அதன் வழியே எடுத்த நிலவுப் படம் ஒன்றில், புராட்டியும் ஜான்சனும் சுட்டிய அதே இடத்தில், அதே வெளிர் திட்டு இருந்தது. ‘ஸ்கை அண்ட் டெலஸ்கோப்’ இதழ் இதை வெளியிட்டது. 1953இல் பிறந்ததாகச் சொன்ன குழி, 34 ஆண்டுகளுக்கு முன்பே படத்தில் இருக்கிறது.

இதற்கு மேல் வாதமே இல்லை. மோதலின் ஆற்றல் என்ன, மண்ணின் நிறம் என்ன என்பதெல்லாம் ஊகங்களின்மேல் அடுக்கிய ஊகங்கள். ஒரு தகட்டில் ஒரு தேதியும் ஒரு திட்டும் இருப்பது நேரடிச் சாட்சி.

எங்கே சறுக்கியது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒன்று முதல் இரண்டு கிலோமீட்டர் குழி, பூமியிலிருந்து பார்க்கும் தொலைநோக்கிகளின் பிரிதிறனுக்குக் கீழே இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். நிலவின் தூரத்தில் ஒரு வில்விநாடி (ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு) என்பது சுமார் 1.9 கிலோமீட்டர், காற்றின் அலைச்சலில் அதைவிட நுணுக்கமாகப் பார்ப்பது அரிது. ஆகவே பூமியில் எடுத்த பழைய படங்களில் தேடிப் பயனில்லை, விண்கலப் படங்களில்தான் தேட வேண்டும் என்பது அவர்கள் முடிவு. குழியைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் குழியைச் சுற்றியுள்ள வெளிர் சிதறல், குழியைவிடப் பல மடங்கு அகலமானது. குழியின் வடிவம் தெரியாவிட்டாலும் அந்தத் திட்டு பூமியிலிருந்தே தெரியும். அவர்கள் எந்த அடையாளத்தைக் கொண்டு குழியைக் கண்டுபிடித்தார்களோ, அதே அடையாளம்தான் பழைய தகடுகளிலும் தேடக் கிடைத்தது. தேடியிருந்தால் அச்சுக்குப் போகும் முன்பே தெரிந்திருக்கும்.

இன்னொரு சறுக்கல் இதைவிட ஆழமானது. ‘புதிதாகத் தெரிகிறது’ என்பதை ‘புதியது’ என்று எடுத்துக்கொண்டது. வெள்ளையடித்த சுவர் புதிதாகத் தெரிகிறது என்பதற்காக வீடு நேற்றுக் கட்டியது ஆகிவிடாதல்லவா? நிலவில் டைக்கோ குழியின் வெளிர்க் கதிர்கள் வெறும் கண்ணுக்கே தெரிகின்றன. அதன் வயது சுமார் 10 கோடி ஆண்டுகள். கோபர்நிகஸ் குழியின் கதிர்கள் இன்னமும் மறையவில்லை. அதற்கு வயது சுமார் 80 கோடி ஆண்டுகள். அவை பெரிய குழிகள். சிறியவை சீக்கிரம் மங்கும் என்பது உண்மையே. ஆனாலும் 1.5 கிலோமீட்டர் குழி ஒன்று பல லட்சம் ஆண்டுகள் ‘புதிதாகவே’ காட்சியளிக்கும். நிலவில் நிறம் காட்டும் இளமைக்கும் மனிதர்களின் நாட்காட்டிக்கும் சம்பந்தமே இல்லை. ஐம்பது ஆண்டுப் பழமையையும் ஐந்து லட்சம் ஆண்டுப் பழமையையும் கிளமென்டைன் நிறப் படத்தால் பிரிக்க முடியாது.

35 கிலோமீட்டர் அகலப் பரப்பு ஏறக்குறைய 960 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி எல்லையைப்போல இரு மடங்கு. நிலவில் அவ்வளவு இடத்தில், குறிப்பிட்ட அளவில், ஓரளவு வெளிர்ந்த ஒரு குழி கிடைப்பது அதிசயமில்லை. புள்ளி விழாத வேறு பத்து இடங்களில் அதே அளவு வட்டம் போட்டுத் தேடி, அங்கெல்லாம் இப்படி ஒன்று கிடைக்கிறதா என்று பார்த்திருந்தால், கிடைத்த குழிக்கு எவ்வளவு மதிப்பு என்பது தெரிந்திருக்கும். இந்தச் சோதனையை எந்தப் புள்ளி ஆய்விலும் செய்ய வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

அளவுகள் ஒத்துவருகின்றனவா?

தகடு தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் அந்தக் குழி அல்ல என்றானாலும், 1953இல் அவ்வளவு பெரிய மோதல் ஒன்று நடந்திருக்கலாமே என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதற்கு நமக்குப் பின்னாளில் கிடைத்த அளவுகோல்கள் உதவுகின்றன.

2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்த விண்கல் சுமார் 20 மீட்டர் அகலம். வெளியான ஆற்றல் ஏறக்குறைய 0.4 முதல் 0.5 மெகாடன். ஸ்டூவர்ட் நிகழ்வுக்குச் சொல்லப்பட்ட அதே அளவு. பூமிக்கு இத்தகைய விருந்தாளி ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வருவதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நிலவின் குறுக்குப் பரப்பு பூமியினுடையதில் 13இல் ஒரு பங்கு. அப்படியானால் நிலவில் இது 650 ஆண்டுக்கு ஒன்று. நமக்குத் தெரியும் முகத்தில் மட்டும் என்றால் 1,300 ஆண்டுக்கு ஒன்று. நடக்கவே முடியாது என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. ஆனால் தொலைநோக்கியில் கேமரா பொருத்திய ஒருவருக்கு முன்னால், அதே நொடியில் நடந்தது என்று ஏற்க இதைவிட வலுவான ஆதாரம் வேண்டும்.

2013 மார்ச் 17 அன்று நாசாவின் மார்ஷல் மையம், மாரே இம்ப்ரியம் பகுதியில் ஒரு மோதல் ஒளியைப் பதிவு செய்தது. மோதிய கல் சுமார் 40 கிலோ. ஆற்றல் சுமார் 5 டன் டிஎன்டி. நிலவைச் சுற்றும் எல்ஆர்ஓ விண்கலம் அங்கே 18 மீட்டர் அகலப் புதுக்குழியைக் கண்டது. முன்பு எடுத்த படத்தையும் பின்பு எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ட குழி அது. நிறத்தை வைத்து ஊகித்ததல்ல. 0.5 மெகாடன் என்பது இதைப்போல ஒரு லட்சம் மடங்கு. குழியின் அகலம் ஆற்றலின் கனமூலத்தைப்போல வளரும் என்று தோராயமாக வைத்தால் 46 மடங்கு, அதாவது 830 மீட்டர். பெரிய குழிகளில் நிலவின் ஈர்ப்பு தடை போடும் என்பதால் உண்மையில் அதைவிடக் குறையும். 1.5 கிலோமீட்டர் எட்டாத தூரம்.

எல்ஆர்ஓவின் முன்-பின் படச் சோடிகள் 14,000க்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு, 222 புதிய குழிகளைப் பட்டியலிட்டது. அவற்றில் மிகப் பெரியது 43 மீட்டர்தான்.

பல கண்கள் பார்த்த இரவு

ஸ்டூவர்ட்டுக்கு வாய்க்காதது என்ன என்பது பிற்கால நிகழ்வுகளை அருகில் வைத்தால் புரியும். 1999 நவம்பர் 18, லியோனிட் எரிகல் மழை. ஹூஸ்டனுக்கு அருகே பிரையன் குட்னிக் நிலவின் இருண்ட பக்கத்தில் ஓர் ஒளியைக் கண்ணால் கண்டார். அதே கணத்தில் மேரிலாந்தில் டேவிட் டன்ஹாம் வைத்திருந்த வீடியோ கேமராவிலும் அது பதிந்திருந்தது. இடையே ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர். எரிகல்லாக இருந்தால் இரண்டு இடத்திலிருந்தும் நிலவின் ஒரே புள்ளியில் தெரிய வழியே இல்லை. காற்று மண்டலத்தில் உள்ள பொருள் பார்க்கும் இடத்தைப் பொறுத்து டிகிரிக் கணக்கில் இடம் மாறிவிடும். நிலவு மோதல் ஒளிகள் உறுதியானது அந்த இரவில்தான்.

2019 ஜனவரி 21 முழுச் சந்திர கிரகணம் இதை இன்னும் சிறப்பாகக் காட்டியது. உலகப் பொது நேரம் 04:41:38. கிரகணத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்த அமெச்சூர்கள் பலர் தங்கள் படங்களில் விளிம்பருகே ஒரு சிறு புள்ளி இருப்பதைக் கவனித்தார்கள். பிக்சல் கோளாறா என்று சந்தேகப்பட்டு ஒருவரையொருவர் கேட்டார்கள். வெவ்வேறு நாட்டுப் படங்களில் அதே நொடியில், அதே இடத்தில் அதே புள்ளி. ஸ்பெயினில் ஹோசே மரியா மதியெதோ நடத்தும் மிடாஸ் என்ற நிலவு மோதல் கண்காணிப்பின் கேமராக்களும் அதைப் பிடித்திருந்தன. ஒளி நீடித்தது 0.28 நொடி. கல்லின் எடை சுமார் 45 கிலோ, அகலம் 30 முதல் 60 சென்டிமீட்டர், வேகம் மணிக்கு 61,000 கிலோமீட்டர், குழி 10 முதல் 15 மீட்டர் என்று கணித்தார்கள். கிரகண நேரத்தில் பதிவான முதல் மோதல் ஒளி. தொழில்முறை ஆய்வும் அமெச்சூர் படங்களும் ஒன்றையொன்று தாங்கி நின்ற அந்த இரவை நினைத்தாலே எனக்கு நிறைவாக இருக்கிறது. கிரீஸ் நாட்டின் கிரையோனேரியில் 1.2 மீட்டர் தொலைநோக்கி கொண்டு நடந்த நெலியோட்டா திட்டமும் இதே விதியைக் கருவிக்குள்ளேயே வைத்துவிட்டது. ஒரே தொலைநோக்கியில் இரண்டு கேமராக்கள். இரண்டிலும் தெரிந்தால்தான் அது நிகழ்வு. காஸ்மிக் கதிர் ஒரே நேரத்தில் இரண்டு சென்சாரின் ஒரே இடத்தைத் தாக்காது.

முன்-பின் படம் என்ற விதிக்கு நமக்கு நெருக்கமான உதாரணம் சென்னையில் இருக்கிறது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் தரையிறங்கு கலம், இறங்கும்போதே தொடர்பிழந்து நிலவில் மோதியது. செப்டம்பர் 17 அன்று எல்ஆர்ஓ எடுத்த படத்தை நாசா பொதுவில் வைத்தது. சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அதைப் பழைய எல்ஆர்ஓ படங்களோடு வரி வரியாக ஒப்பிட்டு, முன்பு இல்லாத ஒரே ஒரு வெளிர் பிக்சலைச் சுட்டிக்காட்டினார். ஒரு பிக்சல் 1.3 மீட்டர் என்ற அளவிலான படம் அது. நாசா குழு உடனே அறிவித்துவிடவில்லை. வெயில் கோணமும் தெளிவும் மேம்பட்ட அக்டோபர், நவம்பர் படங்களை எடுத்து, சிதறல்களையும் மோதிய இடத்தையும் உறுதிசெய்த பின், டிசம்பர் 2ஆம் தேதி அவர் பெயரைச் சொல்லி அறிவித்தது. அவர் கண்ட துண்டு மோதிய இடத்திலிருந்து சுமார் 750 மீட்டர் வடமேற்கே கிடந்தது. ஒரு பிக்சல் போதுமானதாக இருந்ததற்குக் காரணம், அதே இடத்தின் முந்தைய படம் கையில் இருந்ததுதான்.

என் முடிவு

2003இல் சுட்டிய குழிக்கும் 1953 ஒளிக்கும் தொடர்பில்லை. இது உறுதி.

20 மீட்டர் சிறுகோள் மோதல் என்பதை நான் ஏற்கவில்லை. நிகழ்தகவும் அளவுகளும் எதிராக நிற்கின்றன. இரண்டாவது கண்ணும் இல்லை. சிறிய மோதல் என்றால் பகல் வெயிலில் ஒளிரும் நிலவுப் பரப்பின்மேல் அது அவ்வளவு எடுப்பாகப் பதிந்திருக்காது. இதுவரை உறுதியான மோதல் ஒளிகள் நிலவின் இருண்ட பக்கத்திலோ கிரகணத்தின் போதோ கண்டவை. மிஞ்சுவது எதிரே வந்த தீப்பந்து, அல்லது படம் உருவான வழியில் நேர்ந்த கறை. ஸ்டூவர்ட்டின் கண்சாட்சியத்தை மதிப்பதால் தீப்பந்தை முதலில் வைக்கிறேன். அப்படி ஒன்று அன்றிரவு ஓக்லஹோமா வானில் எரிந்திருந்தால், டல்சாவிலிருந்து சில நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்களுக்கு அது புள்ளியாக அல்ல, நீண்ட கோடாகத் தெரிந்திருக்கும். 1953 நவம்பர் 14 இரவின் உள்ளூர்ச் செய்தித்தாள்களைப் புரட்டுவது இன்றும் பயன் தரும் வேலை.

மோதல் கட்சிக்காரர்களுக்கும் ஒரு நேர்மையான வழி திறந்தே இருக்கிறது. சில நூறு மீட்டர் குழி ஒன்று 1953இல் உண்டாகியிருந்தால் அதைச் சுற்றிப் பல கிலோமீட்டர் அகலத்தில் வெளிர் திட்டு இருந்தாக வேண்டும். அத்தகைய திட்டுகள் பௌர்ணமியை ஒட்டிய உச்சி வெயிலில்தான் நன்றாகத் தெரியும். எல்ஆர்ஓவின் உச்சி வெயில் படங்களில் பலாஸைச் சுற்றியுள்ள வெளிர் திட்டுகள் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு, 1953க்கு முந்தைய பௌர்ணமித் தகடுகளில் அவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். எல்லாமே பழைய தகட்டில் இருந்தால் வழக்கு முடிந்தது. ஒன்றே ஒன்று இல்லாமல் போனால், அந்த இடத்தின் ஆயத்தொலைவுகளைக் குறித்துக்கொண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம்.